பதினோராவது ஷீட்டில் ஒரு கை

பார்சலைப் பிரித்தது பிரபா. நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

அச்சடிக்கிற லேப்பிலிருந்து வரும் புது ஆல்பத்துக்கு ஒரு வாசனை உண்டு. பசையும் ரெக்சினும் கலந்த வாசனை, அடியில் லேசாக மண்ணெண்ணெய் மாதிரி ஏதோ ஒன்று. பிரபா முதலில் முகர்ந்துவிட்டுத்தான் திறப்பாள். திறக்குமுன் வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொள்வாள். கல்யாண ஆல்பத்தை ஆபரேஷன் தியேட்டர் மாதிரி கையாளுகிற ஆள் எங்கள் ஜில்லாவில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

ஒவ்வொரு ஷீட்டுக்கும் "உம்" என்று ஒரு சத்தம் கொடுத்தபடி திருப்பினாள். பத்து ஷீட்டுக்குப் பத்து "உம்". பதினொன்றில் சத்தம் வரவில்லை.

"ஏட்டி ஜெசி, இஞ்ச வா."

"என்ன, நெறம் மாறிப் போச்சா?"

"நெறம் நல்லா இருக்கு. வந்து எண்ணு."

"என்னத்த எண்ண?"

"ஆள எண்ணு. பெறவு கைய எண்ணு."

எண்ணினேன். சர்ச் படிக்கட்டில் கல்யாணப் பெண்ணையும் சேர்த்து ஏழு பேர். பெண்ணின் வலது தோளில் ஒரு கை. கனிவாக, உரிமையோடு பதிந்திருந்த ஒரு ஆண் கை. அதன் மணிக்கட்டுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. கோயில் சுவர்தான் இருந்தது, நல்ல கிரீம் கலரில்.

"மாப்பிள்ளைக்க கையா இருக்கும்" என்றேன்.

"மாப்பிள்ளைக்க ஒரு கை பேன்ட் பாக்கெட்டுல கெடக்கு. மற்றது பெண்ணுக்க கையப் பிடிச்சிருக்கு. அவனுக்கு மூணு கையா?"

அதோடு, அந்தக் கையில் மோதிர விரல் பாதிதான் இருந்தது. டீயைக் கீழே வைத்தேன். அது யாருடைய கை என்று எனக்கு நன்றாகத் தெரியும். கைக்குப் பின்னால் இருந்த ஆளை அழித்தது நான்.

கிளிக் பண்ணுவது தவிர

போன வாரம் இதே பத்தியில் லென்சுக்குள் பூஞ்சை குடியேறிய கதையைப் படித்த ஒரு வாசகர், 'கிளிக் பண்ணுவதைத் தவிர உங்களுக்கு வேறு என்னம்மா வேலை?' என்று எழுதிக் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. என் மாமியாருக்கும் இதே சந்தேகம் உண்டு. கையைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் அதைத் தீர்த்துவிடுகிறேன்.

கருங்கல் சந்தைக்குப் பக்கத்தில், ஒரு மொபைல் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் ஸ்டூடியோ. படம் எடுப்பது நான். கேமராவிலிருந்து கார்டு வெளியே வந்த நிமிஷத்திலிருந்து ஆல்பம் வீட்டுக்குப் போகும்வரை எல்லாம் பிரபா. பாளையங்கோட்டைக் கல்லூரியில் ஒரே பெஞ்சில் இருந்து கம்ப்யூட்டர் படித்தவர்கள் நாங்கள். அவள் கவனித்தாள், நான் அவளைப் பார்த்து எழுதினேன். அந்த ஏற்பாடு இன்றுவரை மாறவில்லை.

பிரபா வருவதற்கு முன்னால் என் கம்ப்யூட்டரில் 'புதுசு', 'புதுப்புதுசு', 'ஃபைனல்', 'ஃபைனல் உண்மை' என்றெல்லாம் ஃபோல்டர்கள் இருந்தன. ஒருநாள் ஒரு ஞானஸ்நானப் படத்தைத் தேடியபோது, கடைசியில் அது 'சும்மா' என்ற ஃபோல்டருக்குள் கிடைத்தது. அன்றைக்கு அவள் என்னைப் பார்த்த பார்வையை எந்த கேமராவிலும் பிடித்திருக்க முடியாது.

இப்போது எல்லாவற்றுக்கும் சட்டம் உண்டு. என் கேமரா ஒவ்வொரு படத்தையும் ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் எழுதும். படம் நிறைந்த கார்டை பிஸ்கட் டப்பாவில் கவிழ்த்து வைக்க வேண்டும். காலிக் கார்டு மல்லாந்து கிடக்கும். ஸ்டூடியோவுக்கு வந்ததும் ஒரு காப்பி கம்ப்யூட்டரில், இன்னொரு காப்பி ஹார்ட் டிஸ்கில். மூன்றாவது காப்பி உள்ள டிஸ்க் ஒரு துண்டில் சுற்றி, சாப்பாட்டுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் பிரபாவின் பையில் ஏறி, பஸ்ஸில் தோவாளைக்குப் போகும்.

"கருங்கல்ல தீப்பிடிச்சா தோவாளையில இருக்கும்" என்பாள்.

"தோவாளையிலயும் பிடிச்சா?"

"அப்ப உனக்க படமா முக்கியம்?"

அவள் கணவருக்குத் தோவாளைப் பூச்சந்தையில் வியாபாரம். வீட்டு அலமாரியில் டிஸ்குக்குப் பக்கத்துத் தட்டில் பூக்கூடைத் துணிகள் இருக்கும். அதனால் எங்கள் பேக்கப்புக்கு எப்போதும் பிச்சிப்பூ வாசனை. இந்த வசதி பெரிய கம்பெனிகளுக்கே இருக்காது என்று நினைக்கிறேன்.

அடுத்தது கழிப்பது. ஒரு கல்யாணத்தில் மூவாயிரம் தடவை அமுக்கினால், ஆயிரத்தில் யாராவது கண்ணை மூடியிருப்பார்கள், ஐந்நூற்றில் வாய் நிறைய பிரியாணி இருக்கும். கழிக்கலாம், ஆனால் ஆல்பம் போய்ச் சேரும்வரை அழிக்கக் கூடாது. இதுவும் சட்டம்.

பிறகு நிறம். கோயிலுக்குள் டியூப் லைட் பச்சையடிக்கும், ஜன்னலில் கடல் வெளிச்சம் நீலமாக நிற்கும், நடுவில் பெண் நிற்பாள். பிரபா தன் மானிட்டரின் நிறத்தைச் சரிபார்க்க ஒரு சின்னக் கருவி வைத்திருக்கிறாள். மாதம் ஒருமுறை அதைத் திரையின்மேல் பல்லி மாதிரி ஒட்டவைத்து, அறையை இருட்டாக்கி, யாரையும் மூச்சுவிட விடாமல் காத்திருப்பாள். மானிட்டரில் தெரியும் படம் உள்ளிருந்து விளக்குப் போட்ட படம். காகிதத்தில் விழுந்த படம் உங்கள் வீட்டு பல்பை நம்பி இருக்கிறது. இரண்டையும் ஒன்று போலக் காட்டுவதுதான் இந்தத் தொழிலின் பாதி வித்தை.

மீதிப் பாதி, வீட்டுக்காரர்களைச் சமாளிப்பது. "பிள்ளைய கொஞ்சம் வெளுப்பிச்சுத் தாங்க" என்று கேட்காத குடும்பம் இல்லை. பிரபா எல்லோரிடமும் ஒரே பதில்தான் சொல்வாள்: "வெளிச்சத்த மாத்துவேன். ஆள மாத்த மாட்டேன்."

நான் அப்படியில்லை. ஆளையும் மாற்றுவேன். அங்கேதான் வந்தது வினை.

இரண்டு பெயர் கொண்ட படகு

கருங்கலிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் வருகிற ஒரு கடற்கரை ஊர். பெண்ணின் பெயர் ஷைனி. அப்பா ததேயு, கடலுக்குப் போகிறவர். அவருக்கு ஒரு தம்பி, கிளீட்டஸ். அண்ணனும் தம்பியும் சேர்ந்து பழைய விசைப்படகு ஒன்று வாங்கினார்கள். அதற்குப் பெயர் வைப்பதில் வந்தது சண்டை.

அண்ணனுக்கு 'புனித அந்தோணியார்' என்று வைக்க வேண்டும். தம்பிக்கு, செத்துப்போன அம்மாவின் பெயரான 'மரிய புஷ்பம்' வேண்டும். ஒருநாள் காலையில் தம்பி கரைக்கு வந்து பார்த்தபோது படகின் இடது பக்கம் அந்தோணியார் இருந்தார். மறுநாள் அண்ணன் வந்து பார்த்தபோது வலது பக்கம் மரிய புஷ்பம் இருந்தாள். கொஞ்ச காலம் அந்தப் படகு போகும்போது ஒரு பெயரும் திரும்பும்போது ஒரு பெயருமாகக் கடலில் ஓடியது. கடைசியில் அதிகாரிகளின் ஒரு சோதனையில் மாட்டினார்கள். படகின் பதிவுக் காகிதத்தை எடுத்துப் பார்த்தால் அதில் மூன்றாவதாக ஒரு பெயர், படகை விற்றவரின் மகள் பெயர்.

யாரால் மாட்டினோம் என்பதில் சண்டை முற்றி, படகை விற்று, பேச்சை நிறுத்தினார்கள். ஏழு வருஷம். இருவரும் வேறு வேறு ஆட்களின் படகில் போனார்கள். ஒரே ஊரில், இரண்டு தெரு தள்ளி, ஒரே கோயிலில் வேறு வேறு பூசைக்குப் போய்க்கொண்டு வாழ்ந்தார்கள்.

ஷைனியை ஒன்றாம் வகுப்பிலிருந்து சைக்கிளில் பள்ளிக்கூடம் கொண்டு விட்டது கிளீட்டஸ். அவள் போய்ப் பத்திரிகை கொடுத்துக் கூப்பிட்டாள். அவரும் வந்தார். கோயிலில் கடைசி பெஞ்சில் இருந்தார்.

பூசை முடிந்து படிக்கட்டில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பெண் வீட்டாரோடு நிறுத்தி, "எல்லாரும் இங்க பாருங்க" என்று நான் குரல் கொடுத்தபோது, பின்வரிசையில் ஒரு தலை கூடியது. ஒரு கை வந்து ஷைனியின் தோளில் விழுந்தது. அவள் திரும்பாமலே யார் என்று தெரிந்துகொண்டு சிரித்தாள். மூன்று தடவை அமுக்கினேன். நாலாவது தடவை அந்தத் தலை இல்லை. ஆள் போய்விட்டார், விருந்துக்கும் நிற்கவில்லை.

அந்த மூன்றில் இரண்டாவது படம்தான் அன்றைக்கு நான் எடுத்ததிலேயே நல்ல படம்.

அழித்த கதை

இரண்டு வாரம் கழித்து படம் தேர்ந்தெடுக்க அந்த வீட்டுப் பெண்கள் எல்லாம் வந்து போனார்கள். மறுநாள் ததேயு அண்ணாச்சி தனியாக வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"படியில நிக்கிய படம் ஒண்ணு இருக்காமே."

"இருக்கு அண்ணாச்சி. காட்டட்டா?"

"எனக்குக் காண வேண்டாம். அதுல ஒரு ஆள் கூடுதலா நிக்கான். எடுத்திரணும்."

பிரபா மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "அந்தப் படம் வேண்டாம்னா வேற படம் போடலாம். ஆள எடுக்க மாட்டோம்."

"வேற படத்துல பிள்ள இப்பிடிச் சிரிக்கலன்னு சொல்லுதாவ."

அது உண்மைதான். தலை போன பிறகு எடுத்த படங்களில் ஷைனி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரபாவை முந்திக்கொண்டு நான் சொன்னேன்: "எடுத்திரலாம் அண்ணாச்சி. அஞ்சு நிமிஷ வேல."

ஏன் சொன்னேன்? அவர் பாவமாக இருந்தார் என்று எழுதலாம். ஆனால் என்னால் முடியும் என்று காட்ட வேண்டும் என்ற திமிர்தான் காரணம். பிரபா அதற்குப் பிறகு அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. "நீ செய்யுதா இருந்தா நீயே செய். எனக்க கண்ணுல காட்டாத" என்றது மட்டும்தான் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சோறு வேகிற நேரத்தில் என் லேப்டாப்பில் வேலையை முடித்தேன். தலை போனது. சட்டை போனது. பின்னாலிருந்த சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அந்த இடத்தில் பூசினேன். கொத்தனார் வேலை மாதிரிதான். கை இருந்த இடத்தில் பெண்ணின் முக்காட்டு லேஸ் இருந்தது. லேஸை வரைவது பெரும்பாடு. அதனால் அங்கே வேறு தந்திரம் செய்தேன். ஷீட் வடிவமைப்பில் ஒரு ரோஜாப்பூ இருந்தது, டெம்ப்ளேட்டோடு வந்தது. அதை இழுத்து நேராகக் கையின்மேல் வைத்துவிட்டேன். கச்சிதமாக மூடியது. திங்கட்கிழமை பிரபாவிடம், "முடிஞ்சிட்டு, ஷீட்டும் போட்டாச்சு" என்றேன்.

பிரபாவுக்கு டெம்ப்ளேட் ரோஜாவைக் கண்டாலே ஆகாது. பூச்சந்தைக்காரன் பெண்டாட்டிக்கு பிளாஸ்டிக் கலரில் ஒரு ரோஜா என்றால் அவமானம். லேப்புக்கு அனுப்புவதற்கு முன்னால், நாற்பது ஷீட்டிலும் இருந்த ரோஜாக்களை மொத்தமாகத் தேர்ந்து ஒரே அமுக்கில் நீக்கினாள். என்மேல் இருந்த கோபத்தில் பதினோராவது ஷீட்டை மட்டும் திறந்து பார்க்கவில்லை. அப்படியே அனுப்பிவிட்டாள்.

நான் அழித்தது பாதி, அவள் அழித்தது மீதி. கை மட்டும் தப்பித்தது. லேப்பின்மேல் ஒரு குற்றமும் இல்லை. அவர்கள் அந்தக் கையை மிக அருமையாக அச்சடித்திருந்தார்கள். நகக்கண் வரை தெரிந்தது.

ஸ்டிக்கர் வைத்தியம்

அது செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை ஷைனி புருஷனோடு திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறாள். அவனுக்கு கல்ஃபில் வேலை. ஆல்பத்தைக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை அவசரம். அந்த மாதிரி ஆல்பத்தில் ஷீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், ஒன்றை மட்டும் கழற்ற முடியாது. முழுசாகத் திரும்ப அடிக்க ஒரு வாரமாவது வேண்டும்.

"லேஸ் மட்டும் தனியா பிரிண்ட் போட்டு, வெட்டி, மேல ஒட்டிருவோம்" என்றேன்.

ஒட்டிப் பார்த்தோம். கல்யாணப் பெண்ணின் தோளில் பிளாஸ்திரி போட்ட மாதிரி இருந்தது. பிரபா நகத்தால் மெல்ல உரித்தெடுத்தாள். கை முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது.

"நாள நேர கொண்டு போவோம். என்ன நடந்துன்னு சொல்லுவோம்" என்றாள்.

"அடிச்சா?"

"உன்னத்தான் அடிப்பாவ. நான் பின்னால நிக்கேன்."

அந்தோணியாருக்கு வந்த சோதனை

புதன்கிழமை மதியம். அந்த வீட்டு முன்னறையில் பாய் விரித்து நடுவில் ஆல்பத்தை வைத்தார்கள். ஷைனி, அவள் அம்மா லூர்து, ததேயு அண்ணாச்சியின் அக்கா விக்டோரியா, அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒரு எட்டுப் பேர். அண்ணாச்சி மட்டும் கொஞ்சம் தள்ளி நாற்காலியில். பத்தாவது ஷீட்டில் வைத்து நான் உண்மையைச் சொல்லிவிடுவதாகத் திட்டம். பத்தாவது ஷீட்டில் விக்டோரியா அக்காவின் புடவை மடிப்பைப் பற்றிப் பேச்சு வந்து, நான் வாய் திறப்பதற்குள் யாரோ திருப்பிவிட்டார்கள்.

விக்டோரியா அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"ஏசுவே! இது யாருக்க கை?"

மற்ற பெண்களும் தலையை நீட்டினார்கள், அக்காவின் குரல் ஏறியது.

"ஆளில்லாத கை! கோயில் படியில வச்சு! எனக்க அந்தோணியாரே, பிள்ளைய ஆசீர்வதிக்க வந்தீரா?"

சிலுவை போட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி முழங்காலில் முட்டுப்போட்டாள். இன்னொருத்தி போனை எடுத்துப் படம் பிடித்தாள். நான் கடவுளுக்குப் பயந்தவள்தான். ஆனாலும் அந்த ஒரு நிமிஷம், இதை இப்படியே விட்டால் என்ன என்று தோன்றியது. சாயங்காலத்துக்குள் வாசலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிடுவார்கள். எங்கள் ஸ்டூடியோவுக்கும் நல்ல பேர்.

லூர்து அக்காதான் கெடுத்தார். ஆல்பத்தைத் தன் பக்கம் இழுத்து, அந்தக் கையை விரலால் தொட்டார்.

"அந்தோணியாருக்கு மோதிர விரல் பாதியா போச்சா மயினி?"

விக்டோரியா அக்கா கண்ணாடியைக் கழற்றினார். முட்டுப் போட்டவள் எழுந்தாள்.

இதற்கு மேல் தாமதிக்க முடியாது. "நான்தான் ஆள அழிச்சேன்" என்றேன். "கை தப்பிச்சிட்டு. திருப்பி அடிச்சு அனுப்பித் தாறோம். தப்பு எங்களுக்க தப்பு."

ஷைனி என்னைப் பார்த்துக் கேட்டாள்: "யாரு அழிக்கச் சொன்னது?"

நான் பிரபாவைப் பார்த்தேன். பிரபா ஆல்பத்தைப் பார்த்தாள்.

நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "நாந்தான் சொன்னேன்."

"சித்தப்பாவயா? எனக்க படத்துல இருந்தா?"

"அவன் எனக்க வீட்டுல நிக்க வேண்டாம்னுதான்..."

"அது கோயில் படி அப்பா. நமக்க வீடில்ல."

அண்ணாச்சி எழுந்து, ஆணியில் கிடந்த சட்டையை எடுத்து, பொத்தான் போடாமலே வெளியே இறங்கிக் கரைப் பக்கம் போனார். பெண்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். ஷைனி அழவில்லை. பதினோராவது ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லூர்து அக்கா எங்களுக்குக் கட்டன் சாயா கொண்டுவந்தார். அடுக்களை வாசலில் நின்று, புருஷன் போன திசையைக் காட்டித் தணிந்த குரலில் சொன்னார்: "அந்த விரல் போனது இவியளுக்க கையாலத்தான். போட்டுல கயிறு சுத்துற விஞ்சு உண்டில்லியா, அதுக்க பிடி இவியளுக்க கையில. அவன் கயித்த எடுத்து விடுததுக்குள்ள இவிய போட்டுட்டாவ. அவன் ஒருநாளும் அதச் சொல்லிக் காட்டினதில்ல. சண்டை நடந்த அன்னிக்கும் சொல்லல. அதுதான் இவியளுக்குத் தாங்கல."

நான் சாயாவை ஊதிக் குடித்தேன்.

புறப்படும்போது ஷைனியிடம், ஆல்பத்தைத் திரும்ப எடுத்துப்போகட்டுமா என்று கேட்டேன். அவள் அதை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"வேற அடிச்சுப் பெறவு அனுப்புங்க. இதும் எனக்கு வேணும். நாப்பது ஷீட்டுல சித்தப்பா இருக்கியது இந்த இடத்துல மட்டுந்தான்."

காகிதத்தில் வந்த தம்பி

வியாழக்கிழமை காலை நான் ஸ்டூடியோவுக்குப் போகும்போது ததேயு அண்ணாச்சி மொபைல் கடையின் படியில் உட்கார்ந்திருந்தார். திட்டு வாங்கத் தயாராக அவரோடு மாடியேறினேன். பிரபா ஏற்கெனவே வந்து மானிட்டர் போட்டிருந்தாள்.

"அந்தப் படம் இருக்கா?" என்றார். "நீங்க கைவைக்கியதுக்கு முன்னால எடுத்தது."

"மூணு எடத்துல இருக்கு அண்ணாச்சி" என்றாள் பிரபா. அதைச் சொல்ல அவள் பல வருஷமாகக் காத்திருந்தாள் என்று தோன்றியது.

திறந்தாள். அவர் அந்தப் படத்தை முதல் தடவையாகப் பார்த்தார். பார்க்காமலேதான் அழிக்கச் சொல்லியிருந்தார். பிரபா எதுவும் கேட்காமல் பின்வரிசையைப் பெரிதாக்கினாள். கிளீட்டஸ் கேமராவைப் பார்க்கவில்லை. ஷைனியின் உச்சந்தலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு கண்ணும் நிறைந்திருந்தன.

"சவம்" என்று வைதார் அண்ணாச்சி. "பிள்ளைக்க கல்யாணத்துக்கு ஷேவ் பண்ணாம வந்திருக்கான்."

திரைக்கு இன்னும் கிட்டே வந்தார். கடைசியில், "அந்தக் கையக் கொஞ்சம் பெரிசாக் காட்டு பிள்ள" என்றார்.

பிரபா காட்டினாள். திரை முழுக்க அந்தக் கை.

"போதும். இத காகிதத்துல தா. இன்னிக்கே வேணும்."

பெரிய ஆல்பம்தான் வெளி லேப்பில். பிரேம் போடுகிற அளவுப் படங்களை ஸ்டூடியோவிலேயே அடித்துக் கொடுப்போம். பிரபா நல்ல கனமான தாளை எடுத்து மெஷினில் வைத்தாள். அந்தப் பிரிண்டர் மெதுவாகத்தான் துப்பும். முதலில் கோயில் கதவின் வளைவு வந்தது, பிறகு சுவர், பிறகு பின்வரிசைத் தலைமுடிகள். அண்ணாச்சி இடுப்பில் இரண்டு கையும் ஊன்றிக் குனிந்து, கரைக்கு ஏறும் வலையைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார். தம்பியின் நெற்றி வந்தது. கண் வந்தது. சவரம் செய்யாத தாடை வந்தது. தோளும் கையும் வந்தபோது அவர் முகத்தைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே சந்தையைப் பார்த்தார்.

"தொடாதீங்க, மை காயணும்" என்றாள் பிரபா.

"தொடல்ல."

காய்ந்தது. அவர் கிளம்பவில்லை.

"இன்னொண்ணு அடி."

"யாருக்கு அண்ணாச்சி?" என்று நான் கேட்டேன். பிரபா என் காலை மிதித்தாள்.

இரண்டாவதும் வந்து காய்ந்தது. "நீங்க ரெண்டு பேரும் எனக்க கூட வரணும்" என்றார். "நான் நீட்டினா அவன் வாங்க மாட்டான்."

ஆட்டோவில் ஒரு அண்ணன்

ஆட்டோவில் நடுவில் பிரபா, இரண்டு படத்தையும் அட்டைக்குள் வைத்து, நெஞ்சோடு பிடித்தபடி. ஓரத்தில் அண்ணாச்சி. வழி முழுக்க டிரைவரின் பின்மண்டையையே பார்த்துக்கொண்டு வந்தார். கிளீட்டஸ் வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தச் சொன்னார். இறங்கவில்லை.

நான் ஒரு படத்தை எடுத்துக்கொண்டு போனேன். முற்றத்தில் நீல வலைக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து கிளீட்டஸ் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார். யாரென்று அடையாளம் தெரிந்து எழுந்தார். இடுப்பில் கட்டிய சாரத்தில் கையைத் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கினார்.

நன்றாகப் பார்த்தார். தன்னைப் பார்க்கவில்லை. முன்வரிசையில் கோட்டுப் போட்டு விறைப்பாக நிற்கும் ததேயுவைத்தான் பார்த்தார்.

"அண்ணன் என்ன இப்பிடி மெலிஞ்சு போனாரு? சொவமில்லியா?"

"அவியளே வந்திருக்காவ" என்றேன். "ஆட்டோவுல."

கிளீட்டஸ் தலையை நீட்டி எட்டிப் பார்த்தார். ஆட்டோவுக்கு வெளியே அண்ணாச்சியின் ஒரு கால் மட்டும் தெரிந்தது. படத்தை வலைமேல் பத்திரமாக வைத்துவிட்டு நடந்தார். ஆட்டோவுக்கு இரண்டடி தள்ளி நின்றார், நான் அவர் பின்னால்.

அண்ணாச்சி டிரைவரிடம் சொல்வது போலச் சொன்னார்: "நாளைக்குப் பிள்ள போவுது. ஏர்போட்டுக்கு வேன் சொல்லியிருக்கு. ஒரு சீட்டு கெடக்கு."

டிரைவர் திரும்பி என்னைப் பார்த்தார், தனக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று தெரியாமல்.

கிளீட்டஸ் கேட்டார்: "எத்தன மணிக்கு?"

"பத்து மணிக்கு."

"வாறேன்."

"ஷேவ் பண்ணிட்டு வா."

"பண்ணுவேன்" என்ற கிளீட்டஸ், இரண்டடியைக் கடந்து வந்து ஆட்டோக் கம்பியைப் பிடித்தார். அண்ணாச்சி அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தன் கையை எடுத்து அதன்மேல் வைத்தார். விரல் இல்லாத இடத்தில்.

எனக்கு இருக்கிற புத்தி ஒன்றுதான். போனை எடுத்துத் தூக்கிப் பிடித்தேன்.

"ஏட்டி, அத உள்ள வை!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒரே குரலில். ஏழு வருஷத்துக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. தெருவில் மீன் காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அடங்கிய பிள்ளையாக வந்து ஆட்டோவின் அந்தப் பக்கம் ஏறிக்கொண்டேன்.

பிரபா நேராகப் பார்த்தபடி, உதடு அசையாமல் கேட்டாள்:

"படம் கிட்டிச்சா?"

"கிட்டிச்சு. ரெண்டு பேருக்க வாயும் தொறந்திருக்கு."

"அழிச்சிராத" என்றாள்.